ஒரே எண்ணில் இரண்டு உட்பிரிவுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தண்டனைச் சட்டத்தில் இருந்த 46.035ஆம் பிரிவை மேலிருந்து படித்தவர், கைத்துப்பாக்கி ஏந்த உரிமம் பெற்றவரும் மருத்துவமனைக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ கைத்துப்பாக்கியுடன் நுழைவது குற்றம் என்றே புரிந்துகொண்டிருப்பார். ஆனால் வெகு கீழே வந்த ஓர் உட்பிரிவு, துப்பாக்கியுடன் நுழையக் கூடாது என்று 30.06ஆம் பிரிவின்படி முறையான அறிவிப்பு தரப்படாவிட்டால் அந்தத் தடை பொருந்தாது என்றது. அந்த அறிவிப்பைப் பலகையாக வைத்தால், ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய இரு மொழிகளிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகளில், பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். ஆக, சட்டம் விதித்ததாகத் தோன்றும் தடை, உண்மையில் இட உரிமையாளரின் விருப்பமாகவே இருந்தது. தடையை நீக்காமல் விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் அதைச் செயலிழக்கச் செய்வது, என் பார்வையில், சோம்பேறித்தனமான வரைவு.

இதைவிட வேடிக்கை, 2007இல் நிறைவேறிய இரு வெவ்வேறு சட்டங்கள், ‘எச்-1’ என்ற ஒரே அடையாளத்தில் ஆளுக்கோர் உட்பிரிவை இதே பிரிவில் சேர்த்தன. ‘எச்-1இன்படி’ என்று மட்டும் ஒருவர் எழுதினால், அவர் எதைச் சொல்கிறார் என்று யாருக்குத் தெரியும்? கைத்துப்பாக்கியை உரிமமின்றி ஏந்திச் செல்ல வழிசெய்த 2021ஆம் ஆண்டுச் சட்டம், 46.035ஐ நீக்கி, அதிலிருந்த பல தடைகளை 46.03இன் கீழ்க் கொண்டுவந்தது.