எலக்ட்ரிக் ஹெலியில் பி.ஈ.சி. கிளப்பும் இரைச்சல்

ரேடியோவில் ஓட்டும் எலக்ட்ரிக் மாடல் ஹெலி பறக்கும்போது திடீரென்று துடித்தால் "ரேடியோ கிளிட்ச்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு பேருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ செட் என்றால், பெரும்பாலும் பி.ஈ.சி. (மெயின் பேட்டரியின் வோல்டேஜை இறக்கி ரிசீவருக்குக் கொடுக்கும் சர்க்யூட்) கக்கும் இரைச்சல் ரிசீவருக்குள் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால், பெரும்பாலும் பி.ஈ.சி. கொடுக்கும் வோல்டேஜ் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு விழுகிறது. முன்னதற்கு ஃபெரைட் வளையம் (ஒயரில் மாட்டும் காந்தப் பீங்கான் வளையம்) மருந்து, பின்னதற்கு அது ஒன்றும் செய்யாது. ஆனாலும் எதற்கெடுத்தாலும் வளையம் மாட்டுவது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

பி.ஈ.சி. இரண்டு வகை: லீனியர், ஸ்விட்ச்சிங். ஸ்விட்ச்சிங் பி.ஈ.சி. ஏன் வந்தது என்பதற்குக் கணக்கு எளிது. 450 அளவு (சிறிய வகை) ஹெலியில் 3எஸ் (மூன்று செல்) லிப்போ பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட். சர்வோக்களும் (பிளேடு கோணத்தை மாற்றும் குட்டி மோட்டார்கள்) கைரோவும் (வாலை நிலையாகப் பிடிக்கும் சென்சார்) சராசரியாக 1.5 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 5 வோல்ட் தரும் லீனியர் பி.ஈ.சி. மீதி 7.6 வோல்ட்டையும் சூடாக்கித்தான் தீர்க்க வேண்டும்: 11.4 வாட். அதே சுமையை 6எஸ்ஸில் வைத்தால் 30 வாட்டைத் தாண்டும். ஷ்ரிங்க் பிளாஸ்டிக் சுற்றிய ஈ.எஸ்.சி.க்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, பி.ஈ.சி. பெரும்பாலும் இதற்குள்தான்) ஒரு சால்டரிங் அயர்னை வைத்த மாதிரி. சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சப்ளையை வெட்டும். ரிசீவரும் எல்லா சர்வோக்களும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். அதனால் 4எஸ்ஸுக்கு மேல் ஸ்விட்ச்சிங்தான், பேச்சே இல்லை.

அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. ஸ்விட்ச்சிங் பி.ஈ.சி. பேட்டரி வோல்டேஜை நொடிக்குச் சில லட்சம் தடவை திறந்து மூடுகிறது. 300 கிலோஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்வோம். சதுர அலை என்பதால் 300 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் வரிசையாக மேலே போய்க்கொண்டே இருக்கும். 72 மெகாஹெர்ட்ஸ் அதன் 240-வது மடங்கு. அவ்வளவு தூரத்தில் என்ன பலம் இருந்துவிடப்போகிறது என்று தோன்றும். அதை முடிவு செய்வது அலையின் விளிம்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதுதான். 10 நானோசெகண்டில் ஏறும் விளிம்பு என்றால் சுமார் 32 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் மெதுவாகத்தான் குறையும், அதற்கு மேல்தான் வேகமாகச் சரியும். 35 மெகாஹெர்ட்ஸ் அந்தத் திருப்பத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, 72 அதிகம் தள்ளி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த இரைச்சல் எங்கோ கீழே கிடக்கிறது.

இன்னொரு சங்கடம், பி.ஈ.சி.யின் அதிர்வெண் சுமைக்கும் சூட்டுக்கும் ஏற்ப நகரும். ஒரு சதவீதம் நகர்ந்தாலே 240-வது மடங்கு 720 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். 72 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் சேனலுக்குச் சேனல் இடைவெளி வெறும் 20 கிலோஹெர்ட்ஸ். மேஜையில் சுத்தமாக இருந்த சேனல் மூன்றாவது நிமிடத்தில், பி.ஈ.சி. சூடானதும் ஏன் கெடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான். கிறிஸ்டலை (சேனலைத் தீர்மானிக்கும் துண்டு) மாற்றிப் போட்டால் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அதுவும் நிலைக்காது.

இரைச்சல் வெளியே போவது பி.ஈ.சி. டப்பாவிலிருந்து அல்ல, அதன் ஒயர்களிலிருந்து. ரிசீவரின் ஒரு மீட்டர் ஆன்டெனா தனியாக வேலை செய்வதில்லை. ரிசீவரோடு இணைந்த கிரவுண்ட் ஒயர்கள்தான் அதன் மறுபாதி. பி.ஈ.சி.யின் கருப்பு ஒயரில் இரைச்சல் ஓடினால், அது ஆன்டெனா வழியாக வந்த மாதிரியே ரிசீவருக்குப் படும். பாசிட்டிவ், நெகட்டிவ், சிக்னல் மூன்றிலும் ஒரே திசையில் ஒன்றாக ஓடும் இரைச்சல் இது. ரிசீவர் முனையில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே கெப்பாசிட்டர் போட்டால் இது அடங்காது.

முதலில் பி.ஈ.சி.தான் குற்றவாளியா என்று பாருங்கள். மெயின் பிளேடு, வால் பிளேடு இரண்டையும் கழற்றுங்கள், இதில் சமரசம் வேண்டாம். பி.சி.எம். (சிக்னலை டிஜிட்டலாக எடுத்துச் சரிபார்க்கும்) ரிசீவரில் சோதிக்காதீர்கள். கெட்டுப்போன சிக்னல் தொகுப்பை அது தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய நிலையையே பிடித்து வைக்கும், நமக்கு எதுவும் தெரியாது. பி.பி.எம். (வந்ததை அப்படியே சர்வோவுக்குத் தரும்) ரிசீவர் என்றால் சர்வோ நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவை மடக்கி வைத்து, சர்வோ நடுங்கும் வரை பின்னால் நடந்து தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை அளக்க வேண்டும்: நான்கு செல் நிக்கல் மெட்டல் பேக்கில் மோட்டார் ஓடாமல், பி.ஈ.சி.யில் மோட்டார் ஓடாமல், பி.ஈ.சி.யில் மோட்டார் பாதி திராட்டிலில் ஓடும்போது. முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் இடையே தூரம் பாதியாக விழுந்தால் சந்தேகமில்லை, பி.ஈ.சி.தான். மூன்றாவதில் மட்டும் விழுந்தால் ஈ.எஸ்.சி., மோட்டார் பக்கம் பாருங்கள்.

தனி பேக் போடும்போது ஈ.எஸ்.சி. பிளக்கின் சிவப்பு ஒயரைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கினால் பின் வழுக்கி வெளியே வரும், டேப் சுற்றி மடித்து வையுங்கள். பேக்கும் பி.ஈ.சி.யும் சேர்ந்து ஒரே ரிசீவரை ஊட்டக் கூடாது. ஒன்று கவனம்: ஈ.எஸ்.சி.க்குள்ளேயே ஸ்விட்ச்சிங் பி.ஈ.சி. இருந்தால், சிவப்பை எடுத்தாலும் அது சுமையில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கருப்பிலும் சிக்னல் ஒயரிலும் இரைச்சல் வரும். அதனால் அந்தச் சோதனையில் முன்னேற்றம் இல்லையென்றால் பி.ஈ.சி. நிரபராதி என்று ஆகிவிடாது. ஆப்டோ ஈ.எஸ்.சி. (உள்ளே பி.ஈ.சி. இல்லாதது) ஒன்றை மாற்றிப் பார்த்தால் தெளிவாகும்.

பெல்ட் டிரைவ் வால் உள்ள ஹெலியில் இன்னொரு போலிக் குற்றவாளியும் உண்டு. பெல்ட் உராய்ந்து பூமில் (வாலைத் தாங்கும் குழாய்) நிலைமின்சாரம் சேர்ந்து ஃப்ரேமுக்குப் பொறி பாயும். காற்று வறண்ட நாட்களில் கூடும், ரோட்டர் சுற்றும்போது மட்டும் வரும். பூமையும் மோட்டார் உடலையும் ஒரு மெல்லிய ஒயரால் இணைத்தால் போய்விடும். ஒயர் தொடும் இடத்தில் பெயின்டையும் அனோடைஸ் பூச்சையும் சுரண்டுங்கள்.

இப்போது வளையம். 43 வகை ஃபெரைட் இந்த அதிர்வெண்களுக்கு ஏற்றது. பழைய மானிட்டர் கேபிளின் முனையில் புடைத்திருக்கும் துண்டும் பரவாயில்லை. கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையம் வேண்டாம். அது இரும்புத்தூள், இங்கே வேலைக்கு ஆகாது. மூன்று ஒயர்களையும் சேர்த்தே சுற்ற வேண்டும். சிவப்பை மட்டும் சுற்றினால் டி.சி. கரண்ட் வளையத்தை நிரப்பிவிடும், ஃபெரைட் சும்மா எடைதான். மூன்றும் சேர்ந்து போனால் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும், பொது இரைச்சலுக்கு மட்டும் தடை விழும். தடை சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும். கிளிப் மாதிரி ஒரு தடவை நுழைத்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லாதீர்கள், ஐந்து சுற்றாவது வேண்டும். தொடக்கமும் முடிவும் ஒன்றன்மேல் ஒன்று படக் கூடாது, பட்டால் இரைச்சல் குறுக்கே தாவிப் போய்விடும். 13 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள வளையத்தில் சர்வோ பிளக் நுழையாது. பின்களைக் கழற்றி ஒயரை நுழையுங்கள், அல்லது 21 மில்லிமீட்டர் வளையம் வாங்குங்கள். பி.ஈ.சி.யிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே வளையம் இருக்கட்டும், தள்ளிப் போட்டால் நடுவில் உள்ள ஒயரே ஆன்டெனாவாகும். கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ஹெலி அதிர்வில் தொங்கும் வளையம் கார்பன் ஃப்ரேமின் விளிம்பில் ஒயர் தோலை அறுத்துவிடும்.

பேட்டரியிலிருந்து பி.ஈ.சி.க்கு வரும் இரண்டு ஒயர்களையும் முறுக்கி, முடிந்தவரை குட்டையாக வையுங்கள். ரிசீவரும் அதன் ஆன்டெனாவும் ஃப்ரேமின் எதிர்ப்பக்கம். ஆன்டெனாவைச் சுருட்டவோ வெட்டவோ கூடாது. கார்பன் பூமை ஒட்டி ஓட்டினால் பாதி சிக்னல் போச்சு.

2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வருவோம். பல ரிசீவர்கள் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்து மறுபடி துவங்கும், அந்த இடைவெளியில் ஹெலி தரையில். நான்கு டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் திசை மாறும்போது கேட்கும் கரண்டை 3 ஆம்பியர் பி.ஈ.சி. கொடுக்காது. சாதாரண மல்டிமீட்டர் அந்தக் குழியைப் பார்க்கவே பார்க்காது. குறைந்தபட்ச வோல்டேஜைப் பிடித்து வைக்கும் லாக்கர் (பதிவுக் கருவி), அல்லது டெலிமெட்ரி (பறக்கும்போதே அளவை டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் வசதி) வேண்டும். ஸ்டிக்குகளை மூலைக்கு மூலை வேகமாக ஆட்டிப் பாருங்கள்.

ரிசீவரின் காலி சேனலில் 4700 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது எவ்வளவு தாங்கும்? 2 ஆம்பியர் பற்றாக்குறையில் ஒரு மில்லிசெகண்டுக்கு 0.4 வோல்ட் விழும். அவ்வளவுதான் அதன் கொள்ளளவு, சிறிய பி.ஈ.சி.யை அது பெரியதாக்காது. சர்வோ சட்டென்று நிற்கும்போது திருப்பித் தள்ளும் வோல்டேஜை விழுங்கிக்கொள்வது அதன் இன்னொரு பயன். சில பி.ஈ.சி.க்கள் அந்த ஏற்றத்தைக் கண்டு பயந்து கட் ஆவதுண்டு. 6 வோல்ட் வரை 10 வோல்ட் ரேட்டிங் போதும், 8.4 வோல்ட் சர்வோக்களுக்கு 16 வோல்ட். துருவம் மாறக் கூடாது.

பி.ஈ.சி.யிலிருந்து ரிசீவருக்கு ஒரே சர்வோ பிளக் போகிறதா என்று பாருங்கள். அதன் தொடுமுனை தொடர்ந்து தாங்குவது சில ஆம்பியர்தான், இரண்டு பிளக்குகளில் பிரித்துக் கொடுங்கள். துடிப்பு நிற்கட்டும் என்று பி.ஈ.சி.யை 6 வோல்ட்டுக்கு ஏற்றும் முன் வால் சர்வோவின் ரேட்டிங்கைப் படியுங்கள்: ஃபுடாபா எஸ்9254, எஸ்9257 போன்ற பழைய வால் சர்வோக்கள் 4.8 வோல்ட்டுக்குச் செய்தவை. அவற்றுக்குக் கைரோவுக்கும் சர்வோவுக்கும் நடுவில் வோல்டேஜ் இறக்கி தனியாக வேண்டும்.