மும்பை கடற்காகங்களும் ஆலாக்களும்: பேர் போடறதுக்கு முன்னாடி

கேட்வே ஆஃப் இந்தியால இருந்து மாண்ட்வா துறைக்குப் போற படகுல நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் ஜனங்க சேவ், சிப்ஸ்னு தூக்கிப் போட்டுட்டே வருவாங்க, பின்னாடியே ஒரு வெள்ளைக் கூட்டம் கத்திட்டே பறந்து வரும், எல்லாருக்கும் அது வெறும் சீகல். அந்தக் கூட்டத்துக்குள்ளயே பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும் கலந்திருக்கும். குளிர்காலத்துல ரெண்டுக்குமே தலை வெள்ளைதான், கண்ணுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு புள்ளி மட்டும் இருக்கும், அதனால தலையைப் பாத்து பிரயோஜனம் இல்ல. ரெக்கை நுனியைப் பாருங்க. வளந்த பழுப்புத்தலைக்கு நுனி நல்ல கறுப்பு, அதுக்குள்ள வெள்ளைத் திட்டு, கண்ணும் வெளிறி இருக்கும். கருந்தலைக்கு ரெக்கையோட முன்பக்க ஓரம் வெள்ளையா நீளமா ஓடும், கண்ணு கருப்பு, உருவமும் கொஞ்சம் சின்னது.

பழுப்புத்தலைக்கு அறிவியல் பேர் வச்சது ஜெர்டான், மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துல டாக்டரா இருந்தவர், 1840ல. அப்போ லேரஸ்னு ஒரே பேரினத்துக்குள்ள போட்டாங்க. 2005ல மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வச்சு கடற்காகங்களை ஆராய்ஞ்சப்போதான் லேரஸ்ங்கறது ஒரே கிளை இல்லன்னு தெளிவாச்சு, பழுப்புத்தலையும் கருந்தலையும் க்ரோய்கோசெஃபாலஸ்ங்கற பேரினத்துக்குப் போச்சு, பல்லாஸ் கடற்காகம் இக்தியீட்டஸ்ங்கற பேரினத்துக்குப் போச்சு. ஆலாக்களுக்கும் (இங்கிலீஷ்ல டெர்ன்) அதே வருஷம் அதே கதை, ஸ்டெர்னாங்கற பேரினத்தை உடைச்சு கொண்டை ஆலாக்களை தலாஸியஸ்லயும் சின்ன ஆலாக்களை ஸ்டெர்னுலாலயும் வச்சாங்க. பேர் மாறிட்டே இருக்கேன்னு சலிச்சுக்கறவங்க நிறைய பேர், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. யாரு யாருக்கு நெருங்கின சொந்தம்னு புதுசா தெரிய வந்தா பேர் மாறத்தானே வேணும்?

நிஜமான கஷ்டம் இனத்துக்குள்ள போகும்போதுதான் வருது. சின்ன ஆலாவையும் சாண்டர்ஸ் ஆலாவையும் எடுத்துக்கோங்க. சாண்டர்ஸை 1877ல தனியாப் பிரிச்சு எழுதினவர் ஏ.ஓ.ஹியூம், ஆமா, 1885ல இதே பம்பாய்ல முதல் மாநாடு நடத்துன காங்கிரஸைத் தொடங்குன அதே ஹியூம், இந்தியப் பறவைகளுக்காக அவர் போட்ட உழைப்பு நம்மள்ல பாதி பேருக்குத் தெரியவே தெரியாது. இனப்பெருக்கக் காலத்துல சாண்டர்ஸுக்கு நெத்தி வெள்ளை கண்ணுக்கு மேல நீளாம கட்டையா நின்னுடும், வெளி ரெக்கை இறகுகள்ல கறுப்பு அகலமா இருக்கும். குளிர்காலத்துல இந்த அடையாளம் எல்லாம் மங்கிப் போய்டும், ஜூஹூ மணல்ல தூரத்துல உக்காந்திருக்கற ஒரு சாம்பல் பறவையைப் பாத்து அடிச்சுச் சொல்றதுக்கு ஆதாரமே கிடையாது.

கூட பறவை பாக்க வர்ற, சயான் ஏரியாப் பையன் ஒருத்தன் கேட்டான், “அண்ணா, அப்ப லிஸ்ட்ல என்னன்னுதான் போடறது?” ரெண்டு பேரையும் சேத்தே போடுடான்னு சொன்னேன். அது தோல்வி இல்ல, அதுதான் உண்மையான பதிவு. தெரியாத இடத்துல ஒரு பேரை ஒட்டிட்டா, பின்னாடி இந்தக் கரையில எந்த ஆலா எவ்ளோ இருந்துச்சுன்னு பாக்க வர்றவங்களுக்கு அந்தத் தப்பைப் பிரிச்செடுக்க வழியே இருக்காது.

பெரிய கடற்காகங்கள் இதுக்கும் மேல. வட துருவத்தைச் சுத்தி வளையம் மாதிரி பக்கத்து பக்கத்து கூட்டங்க ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கிட்டே போய், வளையத்தோட ரெண்டு முனையும் ஐரோப்பால சந்திக்கும்போது தனித்தனி இனமா நிக்குதுன்னு உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் 1942ல எழுதினது பாடப்புத்தகம் வரைக்கும் போச்சு. 2004ல வந்த டிஎன்ஏ ஆய்வு அந்த வளையம் மூடவே இல்லன்னு காட்டிடுச்சு, அட்லாண்டிக் பக்கம் ஒண்ணு, ஆரல்-காஸ்பியன் பக்கம் ஒண்ணுன்னு பனியுகத்துல ஒதுங்கியிருந்த ரெண்டு பழைய புகலிடத்துலருந்து கிளம்பினவையாம். நம்ம கரைக்கு வர்ற ஹியூக்ளின் கடற்காகமும் ஸ்டெப்பி கடற்காகமும் அந்தக் குடும்பம்தான். ஹியூக்ளின் ரஷ்யாவோட வடக்கு தூந்திரால குஞ்சு பொரிக்கறது, ஸ்டெப்பி கஜகஸ்தான் பக்கம். ஹியூக்ளினைத் தனி இனம்னு சொல்ற புத்தகமும் இருக்கு, ரெண்டையுமே லேரஸ் ஃபஸ்கஸ்ங்கற பெரிய கடற்காக இனத்தோட துணை இனம்னு வைக்கற செக்லிஸ்ட்டும் இருக்கு, நாளைக்கு மறுபடி பிரிச்சாலும் பிரிக்கலாம். அப்படிப் பிரிச்சா, “பெரிய கடற்காகம், 12” அப்படின்னு மட்டும் எழுதி வச்ச நோட்டால ஒரு உபயோகமும் இல்ல. முதுகு எவ்ளோ அடர்த்தியான சாம்பல், கால் என்ன நிறம், வெளி ரெக்கை இறகு உதிர்ந்து முளைக்கறது எந்த நிலைல இருக்கு, தேதி, வெளிச்சம் எந்தப் பக்கம்னு எழுதியிருந்தா எந்தப் பேர் வந்தாலும் அந்தப் பதிவு நிக்கும். ஜனவரி போட்டோல வெளி இறகு இன்னும் முழுசா வளராம இருந்து, முதுகும் கூட இருக்கற பறவைகளை விட அடர்த்தியா இருந்தா நான் ஹியூக்ளின் பக்கம் சாய்வேன், ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா பேர் போடாமலே விட்டுடுவேன்.