கிளம்பாத புல்லட்: ஒரு வார நாட்குறிப்பு

15 அக்டோபர் 2023, ஞாயிறு

அப்பாவின் புல்லட் கிளம்பவில்லை. 1996-ல் வாங்கிய 350 ஸ்டாண்டர்ட், பாயிண்ட் வைத்த வண்டி. பாயிண்ட் என்பது எஞ்சின் சுற்றச் சுற்றத் திறந்து மூடி, பிளக்குக்குப் பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச். எஞ்சினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவர் பக்கம் ரொம்ப நாளாக ஆயில் கசிந்துகொண்டிருந்தது. போன வாரம் கோவையிலிருந்து வந்த தம்பி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கவரைக் கழற்றி, ஆயில் சீலும் கேஸ்கெட்டும் மாற்றி, கையோடு புது பாயிண்ட் செட்டும் போட்டுவிட்டு இரவு பஸ் ஏறிவிட்டான். கசிவு நின்றுவிட்டது, ஒரு சொட்டு இல்லை. வண்டிதான் உதைத்தால் உதைத்தபடி நிற்கிறது.

வருகிற 23-ஆம் தேதி ஆயுத பூஜை. ஓடாத வண்டிக்குப் பொட்டு வைக்க அப்பாவுக்கு மனசு வராது. அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் காலையிலிருந்து மூன்று தடவை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணச் சொல்கிறார். எனக்குச் சம்மதமில்லை. வேலைக்கு முந்தின நாள் வரை இதே கார்புரேட்டரோடு வண்டி நன்றாக ஓடியது, தம்பி அதைத் தொடவும் இல்லை. கை வைத்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும். கை வைக்காததையும் இப்போது பிரித்துப் போட்டால், எது எதனால் வந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. பெட்ரோல் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். இறங்குகிறது.

17 அக்டோபர், செவ்வாய்

வேலை முடிந்து வந்து லைட் போட்டுப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி ஹெட்டில் ஒட்ட வைத்துக் கிக்கரை மிதித்தால் பொறியே இல்லை.

ஹெட்லைட்டுக்கு மேல் இருக்கும், கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரை நிறையப் பேர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பாயிண்ட் வைத்த புல்லட்டில் அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. சாவி போட்டதும் பாயிண்ட் மூடியிருந்தால் பொறியை உண்டாக்கும் காயில் வழியாகக் கரண்ட் ஓடும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்தால் ஓட்டம் அறுந்து முள் நடுவுக்கு வரும். அந்த அறுபடுகிற நொடியில்தான் பிளக்கில் பொறி. ஆகவே கிக்கரை மெதுவாக இறக்கும்போது முள் சாய்வதும் நிமிர்வதுமாக இருக்க வேண்டும்.

இங்கே முள் மைனஸிலேயே படுத்துக் கிடந்தது. பாயிண்ட் மூடியைத் திறந்து இரண்டு முனைக்கும் நடுவே அட்டைத் துண்டைச் செருகினேன். அப்போதும் முள் அசையவில்லை. பாயிண்ட் பிரிந்த பிறகும் ஓடுகிறதென்றால் வேறெங்கோ பாடியில் எர்த் ஆகிறது என்று அர்த்தம். சந்தேகம் முதலில் கண்டென்சர் மேல், பாயிண்ட் முனைகள் கருகாமல் காக்கும் சின்ன உருளை அது. இப்போது வருகிற புதுக் கண்டென்சர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே போயிருப்பதும் உண்டு. அதன் ஒயரை விலக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. அது குற்றவாளி இல்லை.

மிச்சம் பாயிண்டின் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் திருகு. அதில் கரண்ட் கடத்தாத ஃபைபர் வாஷர்கள் ஒரு வரிசையில் வரவேண்டும். ஸ்பிரிங்கும் ஒயரும் அந்த வாஷர்களுக்கு நடுவே பாடியைத் தொடாமல் நிற்க வேண்டும். இதில் ஒரு வாஷர் இடம் மாறி ஒயர் முனை தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பித்தளையும் ஃபைபரும் எண்ணெய் பட்டால் ஒரே நிறம், மங்கின வெளிச்சத்தில் யாருக்கும் மாறும். சரியாக அடுக்கியதும் முள் நடுவுக்கு வந்தது. பிளக்கில் நீலப் பொறி, டக் டக் என்று சத்தத்தோடு.

நேரமாகிவிட்டது. நாளைக்கு.

18 அக்டோபர், புதன்

பொறி இருந்தும் கிளம்பவில்லை. பிளக் பெட்ரோலில் நனைந்து வருகிறது. கம்ப்ரஷன் நன்றாகவே இருக்கிறது, கிக்கர் மேல் ஏறி நின்றால் ஆளைத் தாங்குகிறது. பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன் மூன்றும் இருக்கின்றன. எப்போதாவது கார்புரேட்டர் வழியாக ஒரு ‘பட்’.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “கிக்கர் இறுகுற எடத்துல முள்ளு எங்கடா நிக்குது?”

“பாக்கலையே சித்தப்பா.”

“பாத்துட்டுச் சொல்லு. போன வை.”

பார்த்தேன். கிக்கர் இறுகும் இடத்தில் முள் மைனஸிலேயே இருக்கிறது. அதைத் தாண்டி, அடுத்த சுற்றில், கிக்கர் லேசாக இறங்கும்போது நடுவுக்குத் துள்ளுகிறது. காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும். ஒன்று கலவையை அழுத்தி முடித்த உச்சி, கிக்கர் இறுகுவது இதற்குப் போகும்போதுதான்; மற்றது புகையைத் தள்ளி முடித்த உச்சி. பாயிண்டைத் திறந்து மூடும் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இரண்டில் ஒன்றுக்குத்தான் பொறி கொடுக்கும். அழுத்தின உச்சியில் கொடுக்க வேண்டியதை இந்த வண்டியில் அது புகை உச்சியில் கொடுக்கிறது. அந்த நேரம் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். கார்புரேட்டரில் கேட்ட ‘பட்’ அதுதான்.

ஆயில் சீலை மாற்ற பாயிண்ட் ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அது டேப்பரில், அதாவது கூம்பான முனையில் உட்காருவது, எந்த நிலையிலும் இறுக்கிவிடலாம். பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பார்த்துத் தம்பி இறுக்கியிருக்கிறான். எந்த உச்சி என்பதுதான் விட்டுப்போயிருக்கிறது.

22 அக்டோபர், ஞாயிறு

சித்தப்பா காலையிலேயே, பல்சக்கரத்தை இழுத்துக் கழற்றும் புல்லரோடு வந்துவிட்டார். கவரைக் கழற்றி ஆயிலைத் தட்டில் பிடித்தோம். பிளக்கை எடுத்துவிட்டு நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தை நான் உருட்ட, அவர் பிளக் ஓட்டையில் விரலை வைத்தார். காற்று விரலைத் தள்ளியதும் நிறுத்தச் சொன்னார். டேப்பெட் மூடியைத் திறந்து வால்வுகளைத் திறக்கவைக்கும் இரண்டு புஷ்ராடும் கையால் சுழல்கின்றனவா என்றும் பார்த்தார். சுழன்றன, இரண்டு வால்வும் மூடியிருக்கின்றன. இதுதான் சரியான உச்சி.

பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.38 மில்லிமீட்டருக்கு வைத்தோம். 0.35-லிருந்து 0.40-க்குள் இருக்கலாம். பொறி வரும் நேரத்தை, அதாவது டைமிங்கை வைப்பதற்கு முன்பே இதை வைத்துவிட வேண்டும், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அப்புறம் பிஸ்டனை உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, முள் நடுவுக்குத் துள்ளும் இடத்தில் பல்சக்கரத்தை இறுக்கினார். நட்டை முறுக்கும்போதே அது கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. சித்தப்பாவுக்குத் திருப்தி வரும்வரை திரும்பத் திரும்பப் புல்லர் போட்டோம். கோபமே படாமல் அதே வேலையை மறுபடி செய்யும் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கவரை மூடி ஆயில் ஊற்றினோம். கிக்கரை இறக்கினேன், இறுகும் இடத்தில் முள் நடுவுக்கு வந்தது. கம்ப்ரஷனை வெளியே விடும் டீகம்ப்ரஸரை அழுத்திக் கொஞ்சம் தாண்டவிட்டு, விட்டு, முழுசாக ஒரு உதை. கிளம்பிவிட்டது. அப்பா உள்ளேயிருந்து செருப்புக்கூடப் போடாமல் வந்தார்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சின் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, மேலே ஆயில் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் டீ கேட்டார். ஆயில் பம்ப் அந்தக் கவரில்தான் இருக்கிறது. கழற்றி மாட்டியபின் இதைப் பார்க்காமல் வண்டியை ஓட்டக் கூடாது என்று என்னிடம் அழுத்திச் சொன்னார்.

23 அக்டோபர், திங்கள்

பூஜை முடிந்து அப்பா எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டுத் தெருமுனை வரை போய் வந்தார். தம்பிக்கு வீடியோ காலில் சத்தத்தைக் கேட்கவைத்தேன். எந்த உச்சி என்று எப்படிக் கண்டுபிடித்தோம் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டான். தீபாவளிக்கு வரும்போது பாயிண்ட் இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும், புதுப் பாயிண்டில் ஷாஃப்ட்டோடு உரசும் ஃபைபர் குதி கொஞ்சம் தேய்ந்து இடைவெளி குறைந்திருக்கும். அதை அவனையே செய்யச் சொல்லியிருக்கிறேன்.