போனுக்கு வந்த கல்யாணத்தை ஆச்சிக்கு டிவியில் காட்டினோம்

சின்ன மாமா மகளுக்கு மெல்போர்னில் கல்யாணம். பாளையங்கோட்டையில் இருக்கும் ஆச்சிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. அவ்வளவு தூரம் விமானத்தில் கூட்டிக்கொண்டு போக யாருக்கும் துணிவில்லை. யூடியூபில் நேரலை போடுகிறோம், லிங்க் அனுப்புகிறோம் என்று மாமா சொல்லிவிட்டார். மற்றவர்கள் அவரவர் போனில் பார்த்துக்கொள்வார்கள். ஆச்சிதான், "இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள எனக்கு என்னத்தளா தெரியப் போவுது?" என்று கேட்டாள். கண்புரை எடுத்த பிறகும் போன் திரையில் யார் முகம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஹாலில் 43 அங்குல ஸ்மார்ட் டிவி இருக்கிறது. போனுக்கு வருவதை அதில் கொண்டுவரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

முகூர்த்தம் அங்கே காலை 9 மணிக்கு. ஆவணி மாதத்தில் மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முந்தி ஓடும். அப்படியானால் நமக்கு விடியற்காலை 4.30. அந்த நேரத்தில் ஏதாவது தகராறு என்றால் கேட்பதற்கு ஆள் கிடையாது. அதனால் முதல் நாளே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதைச் செய்ய நினைக்கும் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வதும் அதுதான்.

கம்பி இல்லாமல் போனிலிருந்து டிவிக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, போன் திரையில் தெரிவதை அப்படியே டிவியில் தெரியவைப்பது. மிரரிங் என்பார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் இதற்குப் பெரும்பாலும் மிராகாஸ்ட் என்ற முறை. வைஃபைக் கருவிகளுக்குத் தரச்சான்று தரும் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2012-ல் கொண்டுவந்தது. இதற்கு வீட்டு ரௌட்டரே தேவையில்லை. போனும் டிவியும் நேரடியாகத் தங்களுக்குள் வைஃபை பேசிக்கொள்ளும். இன்னொன்று காஸ்ட். கூகுள் 2013-ல் டிவியில் செருகும் குரோம்காஸ்ட் என்ற சின்னக் குச்சியோடு இதைப் பரப்பியது. இப்போது பல டிவிகளில் உள்ளேயே இருக்கிறது. இதில் போன் படத்தை அனுப்புவதே இல்லை. எந்த வீடியோ என்று மட்டும் டிவிக்குச் சொல்லும். டிவி தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கடைக்குப் போய்ச் சாமானை வாங்கிவந்து கையில் கொடுப்பதற்கும், கடையின் முகவரியைச் சொல்லி நீயே வாங்கிக்கொள் என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஐபோனில் ஏர்ப்ளே. அது 2010-லிருந்து இருக்கிறது, இரண்டு வேலையையும் அதுவே பார்க்கும்.

போன் கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பதால்தான் பலருக்கும் குழப்பம். சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ, ஷாவ்மியில் காஸ்ட், ஐபோனில் ஸ்கிரீன் மிரரிங். போன் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டன்களில் இருப்பது பெரும்பாலும் மிரரிங். யூடியூப் வீடியோவின் மேலே, சின்னச் செவ்வகத்தின் மூலையில் மூன்று வளைகோடு போட்டது போல ஒரு படம் இருக்கும் பாருங்கள், அது காஸ்ட். கூகுள் பிக்சல் போனில் மிராகாஸ்ட் கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் தேடிக் களைக்க வேண்டாம்.

முதலில் மிரரிங்கைத்தான் பார்த்தேன். டிவி ரிமோட்டில் இன்புட் பட்டனை அழுத்தி ஸ்கிரீன் மிரரிங்கைத் தேர்ந்தெடுத்தேன். டிவி காத்திருப்பதாகச் சொன்னது. போனில் பட்டனைத் தட்டியதும் டிவியின் பெயர் வந்தது, தொட்டேன், என் போன் திரை அப்படியே ஹாலில் விரிந்தது. சோதனைக்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட வீடியோவைப் போட்டேன். ஆச்சி தேரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் படம் திக்கித் திக்கி வந்தது. மேளச் சத்தம் முன்னால் போக, அடிக்கிற கை பின்னால் வந்தது. போனும் சூடாகிவிட்டது.

காரணம் சுலபம். போன் வீடியோவை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், தன் திரையை மறுபடி வீடியோவாகச் சுருக்க வேண்டும், அதை டிவிக்கும் அனுப்ப வேண்டும். எல்லாம் ஒரே வைஃபையை வைத்துக்கொண்டு. இதற்கு நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற ஒவ்வொரு செய்தியும் டிவியின் உச்சியில் எட்டிப்பார்த்தது. மிரரிங் போடும்போது 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுவது அவசியம். வங்கி ஓடிபி வந்தால் அதுவும் எல்லார் முன்னாலும் பெரிய எழுத்தில் தெரியும். இரண்டு மணி நேரக் கல்யாணத்துக்கு இது சரிப்படாது. காஸ்ட்தான் வேண்டும்.

ஆனால் யூடியூபில் அந்தச் சின்னப் படமே வரவில்லை.

காஸ்ட் வேலை செய்ய முதல் நிபந்தனை: போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றில்தான் இருக்கிறது என்று அம்மா அடித்துச் சொன்னாள். பெயரும் அப்படித்தான் தெரிந்தது. டிவியின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து அந்தப் பெயரின் மேல் போய் நின்றேன். கடைசி எழுத்துகள் திரையில் இடம் போதாமல் மூன்று புள்ளியாகச் சுருங்கியிருந்தன. உள்ளே போய் முழுப் பெயரையும் பார்த்தால் கடைசியில் 'கெஸ்ட்' என்று இருக்கிறது! இணைய இணைப்பு கொடுக்க வந்தவர்கள் ரௌட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிவி மாட்ட வந்த பையனுக்கு யாரோ அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள்.

கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவிகளுக்கு இணையம் கிடைக்கும்; வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாது. வெளியாள் நம் கம்ப்யூட்டருக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. டிவியில் யூடியூப் இவ்வளவு நாளும் ஒழுங்காக ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டிவியை அதிலிருந்து எடுத்து முதன்மை வைஃபையில் சேர்த்தேன். யூடியூபை மூடித் திறந்ததும் அந்தப் படம் வந்து நின்றது.

உங்கள் வீட்டிலும் வரவில்லை என்றால் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் வரவில்லை என்றால் ரௌட்டரில் ஏபி ஐசொலேஷன் என்றோ கிளையன்ட் ஐசொலேஷன் என்றோ ஒரு வசதி இருக்கும். அது இயங்கினால் முதன்மை வைஃபையிலும் கருவிகள் ஒன்றையொன்று காணாது. அணைத்துவிடுங்கள். போனில் விபிஎன் (இணையத்தை வேறு சர்வர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் செயலி) ஓடினாலும் டிவி கண்ணில் படாமல் போகும். சித்தப்பாவின் ஐபோனில் வேறு கதை. 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்து ஒவ்வொரு செயலியும் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி கேட்கும். என்ன கேட்கிறது என்று பார்க்காமல் 'வேண்டாம்' என்று தட்டியிருப்பார்கள். செட்டிங்ஸில் பிரைவசிக்குள் லோக்கல் நெட்வொர்க் என்று இருக்கும்; அங்கே யூடியூபுக்கு அனுமதி கொடுத்ததும் அவருக்கும் சரியாகிவிட்டது.

எதுவுமே ஒத்துவரவில்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது. டிவியின் யூடியூபில் செட்டிங்ஸுக்குப் போனால் போனோடு இணைக்க ஒரு எண் காட்டும். அதைப் போனின் யூடியூபில் போட்டால் போதும். போன் மொபைல் டேட்டாவில் இருந்தாலும் இது வேலை செய்யும். நான் இதையும் செய்து வைத்துக்கொண்டேன். விடியற்காலையில் வைஃபை ஏதாவது சண்டித்தனம் செய்தால் கையில் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான்.

அடுத்தது சுவர். ஆச்சி வீடு பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. ரௌட்டர் முன்னறையில், டிவி இரண்டு சுவர் தள்ளி. ரௌட்டர் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை அனுப்புகிறது. 5 வேகமானது, ஆனால் தடிச்சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் ஊடுருவும். டிவியை 2.4-லேயே வைத்தேன். 1080பி தரத்தில் யூடியூப் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும், அது தாராளமாக வந்தது. போன் 5-லும் டிவி 2.4-லும் இருந்தால் காஸ்ட் ஆகாது என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே ரௌட்டரின் முதன்மை வைஃபை என்றால் சாதாரணமாக ஆகும். எங்கள் வீட்டில் ஆனது.

மாமா அனுப்பியது எல்லாருக்கும் தெரியும் வீடியோ அல்ல, அன்லிஸ்டட் லிங்க். அப்படிப்பட்டதை டிவியில் தேடினால் கிடைக்காது. அந்த நீளமான முகவரியை ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பதும் நடக்காத காரியம். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டி யூடியூப் செயலியில் திறந்து, அங்கிருந்து காஸ்ட் செய்வதுதான் ஒரே வழி. இதற்காகவே காஸ்ட்டை நான் இவ்வளவு விடாப்பிடியாகத் துரத்தினேன்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கே ஆச்சி குளித்து, பட்டுச்சேலை கட்டி, டிவிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லிங்க்கைத் தட்டினேன், காஸ்ட்டைத் தொட்டேன், டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். மணவறை ஹாலுக்கு வந்துவிட்டது. நேற்றைய திக்கல் ஒன்றும் இல்லை. பெண்ணின் நெற்றிச்சுட்டி வரைக்கும் தெரிந்தது. "ஏளா, இது நான் குடுத்த அட்டிகைல்லா!" என்று ஆச்சி கத்தியதும் எனக்குத் தூக்கமெல்லாம் பறந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் படம் தானாக நின்றது. இணையம் போய்விட்டதோ என்று எல்லாரும் பதறினோம். இல்லை. காஸ்ட் நடக்கும்போது அதே வைஃபையில் இருக்கும் மற்ற ஆண்ட்ராய்டு போன்களிலும் நிறுத்து, ஓட்டு பட்டன்களோடு ஒரு அறிவிப்பு வரும். உள்ளறையில் படுத்திருந்த தம்பியின் போனில் அது வந்திருக்கிறது, கை பட்டிருக்கிறது. விசேஷ வீட்டில் பத்து போன் ஒரே வைஃபையில் இருக்கும்போது இது நிச்சயம் நடக்கும். கூகுள் ஹோம் செயலியில் டிவியின் செட்டிங்ஸுக்குள் போய், மற்றவர்கள் கட்டுப்படுத்தும் வசதியை அணைத்துவிட்டால் தொல்லை இல்லை. முதல் நாளே செய்துவிடுங்கள்.

காஸ்ட்டின் அருமை தெரிந்தது மாமா கூப்பிட்டபோது. நேரலை ஓடிக்கொண்டிருந்த அதே என் போனுக்குத்தான் அழைப்பு வந்தது. டிவி தன்பாட்டுக்கு ஓடியது. ஆச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினாள். மிரரிங்காக இருந்திருந்தால் கல்யாணம் மறைந்து மாமா பெயர்தான் திரை முழுக்க நின்றிருக்கும். போனில் மாமா, "அம்மா, தாலி கட்டியாச்சு!" என்கிறார். கெட்டிமேளமும் போனில் கேட்கிறது. டிவியில் இன்னும் ஐயர் தாலித் தட்டை எல்லாரிடமும் ஆசீர்வாதத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். யூடியூப் நேரலை சில நொடியிலிருந்து அரை நிமிடம் வரை பின்தங்கி வருவது வழக்கம். அதில் ஆச்சிக்கு லாபம்தான். ஒருமுறை காதால் கேட்டாள், அட்சதையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள், அப்புறம் கண்ணால் பார்த்து டிவியை நோக்கித் தூவினாள். அந்த அரிசியை டிவி மேசை இடுக்கிலிருந்து அம்மா பிறகு பெருக்கி எடுத்தாள்.

கல்யாணம் முடிந்து மணமக்கள் வாட்ஸ்அப் வீடியோவில் வந்தார்கள். எங்கள் டிவியில் வாட்ஸ்அப் அழைப்பை காஸ்ட் செய்ய வழியில்லை. அதற்கு மட்டும் மறுபடி மிரரிங். படம் டிவிக்குப் போனது, பேச்சுச் சத்தம் போனிலேயே இருந்தது. அது நல்லதாகவே அமைந்தது, எதிரொலி இல்லை. போனைக் குறுக்குவாட்டில் ஸ்டூலில் சாய்த்து, டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அப்படி வைத்தால்தான் ஆச்சி டிவியைப் பார்க்கும்போது அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவள் முகம் நேராகத் தெரியும். நெடுக்காக வைத்தால் படம் டிவியின் நடுவில் ஒரு பட்டையாகத்தான் வரும். பத்து நிமிடப் பேச்சுக்கு மிரரிங் தாராளமாகத் தாங்கியது.

பிறகு வந்த போட்டோக்களை கூகுள் போட்டோஸிலிருந்து காஸ்ட் செய்து காட்டினேன், அதில் ஒரு சிக்கலும் இல்லை. பணம் கட்டிப் பார்க்கும் படச் செயலிகளை மிரரிங்கில் போட்டால் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருக்கலாம். அது நகலெடுப்பைத் தடுக்க அவர்களே வைத்த பூட்டு, உங்கள் டிவியில் கோளாறில்லை. அந்தச் செயலியை டிவியிலேயே நிறுவிக்கொள்வது நல்லது.

அம்மா வீட்டில் பழைய டிவி, ஸ்மார்ட் இல்லை. தனக்கும் இது வேண்டும் என்கிறாள். பின்னால் படத்தையும் சத்தத்தையும் வெளியிலிருந்து வாங்கும் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது, அதனால் காஸ்ட் வசதியுள்ள ஒரு சின்னக் கருவி வாங்கிச் செருகினால் போதும். குரோம்காஸ்ட் தயாரிப்பை கூகுள் 2024-ல் நிறுத்திவிட்டது. மிச்சமிருப்பதை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காமல், இப்போது தயாரிப்பில் இருக்கும் கூகுள் டிவி பெட்டி ஏதாவது ஒன்றைப் பாருங்கள். டிவியின் யூஎஸ்பியில் மின்சாரம் எடுக்காமல், பெட்டியோடு வரும் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். பழைய டிவிகளின் யூஎஸ்பி பெரும்பாலும் அவ்வளவு மின்சாரம் தராது.