கத்திரி நாட்கள், தண்டையார்பேட்டை

மே 5
அம்மாவின் இடது மார்பில் ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தாயிற்று. அம்மா அழவில்லை. வெளியே வந்ததும் கரும்பு ஜூஸ் கேட்டாள்.

மே 6
பிப்ரவரியில் எடுத்த மேமோகிராம் ரிப்போர்ட்டை மறுபடி படித்தேன். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறது. அன்றைக்குக் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வறுத்துத் தின்றோம். அம்மா அப்போதே சொன்னாள்: "கட்டி இல்லடி. மாவு சரியா அரையாம திப்பி திப்பியா நிக்குமே, அந்த மாதிரி கீது." படத்தில் இல்லையே என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். இப்போது தடைக்காலம், ஜூன் 14 வரை வஞ்சிரத்தின் விலையைக் கேட்கவே முடியாது. இதை ஏன் எழுதுகிறேன்?

மே 8
பிளஸ் டூ ரிசல்ட். விலங்கியலில் என் பிள்ளைகள் எல்லாரும் பாஸ். போனை அணைத்து வைத்துவிட்டேன்.

மே 10
புற்றுதான். எந்த வகை என்று தெரிய இன்னும் சாயம் போட்டுப் பார்க்கணுமாம், அதற்கு வேறு லேப், பிளாக்கை நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிளாக் என்றால் அம்மாவிடமிருந்து எடுத்த நூல் போன்ற நாலு துண்டு, மெழுகில் பதித்தது. தீப்பெட்டியை விடச் சின்னது. மெழுகு உருக 55 டிகிரிக்கு மேல் வேண்டும், வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். இருந்தும் டிபன் பாக்ஸில் வைத்து, ஈரத் துணி சுற்றி, மெட்ரோவில் மடியை விட்டு இறக்கவே இல்லை. பக்கத்து சீட் அம்மா "இன்னா சாப்பாடு?" என்றாள். தயிர்சாதம் என்றேன்.

மே 11
மணலி ரிஃபைனரி பக்கமிருந்து அந்த வாடை. ராத்திரி முழுக்க.

மே 16
ஹார்மோன் ஏற்பிகள் இரண்டு: இ.ஆர். பாசிட்டிவ். பி.ஆர். பாசிட்டிவ். வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 நெகட்டிவ். செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் புரதம் ஈ-கேடரின் நெகட்டிவ்.

அம்மா கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டாள். "நெகட்டிவ்னா நல்லதுதானே? அப்ப இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்குனு கீற?" கொரோனா சமயத்தில் கற்றது.

மே 17
விலங்கியல் டீச்சர் என்றதும் அந்த லேப் டாக்டர் ஸ்லைடைத் திரையில் போட்டுக் காட்டினார். அம்மாவின் நல்ல பால்குழாய்களில் செல்லுக்குச் செல் பழுப்பு விளிம்பு, பின்னின வலை மாதிரி. பழுப்பு தெரிகிற இடத்தில் ஈ-கேடரின் இருக்கிறது. பக்கத்திலேயே புற்றுச் செல்கள், பழுப்பே இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் போய்க்கொண்டிருந்தன. பழைய புத்தகங்களில் இதற்கு 'இந்தியன் ஃபைல்' என்று பெயராம். நாமில்லை, அமெரிக்கப் பழங்குடிகளைச் சொன்னது.

ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாததால் உருண்டு திரண்டு கட்டியாவதில்லை. சும்மா நுழைந்து போகும். மேமோகிராமில் தப்பிப்பது அதனால்தான். இதற்கு லோபுலர் என்று பெயர். மார்பகப் புற்றில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து இந்த வகை. திப்பி திப்பியாக. அம்மா சொன்னது சரி.

மே 18
கால்சியம் மாத்திரையை அம்மா மறக்காமல் போடுகிறாள். கேடரினின் பெயரிலேயே கால்சியம் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்த டாக்கேச்சி ஜப்பான்காரர். கால்சியம் இருந்தால் செல்கள் ஒட்டும், எடுத்துவிட்டால் பிரியும் என்று எழுபதுகளில் பார்த்தவர். புரதமே இல்லாத இடத்தில் எவ்வளவு கால்சியம் கொட்டி என்ன.

"எனுக்கு ஒண்ணுன்னா கடைக்கு மாவு யாரு அரைப்பா?" இன்றைக்கு மூன்றாவது தடவை.

மே 19, இரவு 2 மணி
கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் எழுதுகிறேன்.

கரு எட்டுச் செல்லாகும்வரை தனித்தனி உருண்டைகள். அப்புறம் ஒன்றோடொன்று அழுந்தி, எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி ஒரே பந்தாகிவிடும். அதைச் செய்வது ஈ-கேடரின்தான். பன்னிரண்டு வருஷமாகக் கரும்பலகையில் அந்தப் பந்தை வரைகிறேன், இந்தப் பெயரை ஒரு தடவையும் எழுதியதில்லை. பாடத்தில் இல்லை.

சுட்டெலியில் அந்த மரபணுவையே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 1994-ல். கரு உடனே கலைந்துபோகவில்லை. எட்டுச் செல்லில் ஒழுங்காகத்தான் ஒட்டிக்கொண்டது. முட்டையில் தாய் எலி போட்டு வைத்த புரதம் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். அது தீர்ந்த பிறகுதான் வெளியுறை அமையாமல் போய், கருப்பையில் பதியவே முடியவில்லை.

இதை நான்கு தடவை படித்துவிட்டேன்.

மே 20
அம்மாவோடு சண்டை. தோசைக்கல்லுக்காக.

மே 21
டாக்டர் கேட்டார்: "வீட்ல யாருக்காவது வயித்துல கேன்சர் இருந்துச்சா?" நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக வயிற்றுப் புற்று. இதே ஈ-கேடரின் மரபணுவில் வந்த கோளாறுதான் காரணம் என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள். லோபுலர் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது பரம்பரை இல்லை, புற்றுச் செல்களுக்குள் மட்டும் நடந்த கோளாறுதான் என்று டாக்டரே சொன்னார். இருந்தாலும் கேட்பது வழக்கமாம்.

ஆயா வயிற்று வலியில்தான் போனாள். என்ன வலி என்று யாரும் பார்க்கவில்லை. நாட்டு வைத்தியர், ஓம வாட்டர், அவ்வளவுதான்.

மே 22
நெஞ்செரிச்சல். நேற்று தின்ற அத்தோ நூடுல்ஸாகத்தான் இருக்கும்.

மே 23
இன்றும். அத்தோ இல்லை.

மே 25
மரபணுச் சோதனைக்கு நான் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். அண்ணன் கத்தினான்: "அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி வரட்டும். நீ ஏன் அதுக்குள்ள உன் வயித்தப் புடிச்சிக்குனு நிக்கிற?" அம்மா இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டாள். இடது கையால் குழம்புச் சட்டியைத் தூக்க வரவில்லை, ஊசி போட்ட பக்கம். நாங்கள் பார்ப்பதற்குள் கையை மாற்றிக்கொண்டாள்.

மே 27
ஆபரேஷன் தேதி வரவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுத்தான் சொல்வார்களாம், மற்ற மார்பையும் பார்க்கணும்.

ஆயாவின் தங்கச்சி எண்ணூரில் இருக்கிறார், தொண்ணூறு வயசுக்கு மேல் இருக்கும். நாளைக்குக் காலையில் போகிறேன். ஆயாவுக்குக் கடைசி நாளில் சோறு இறங்கியதா, எடுத்த எடுப்பில் வயிறு நிறைந்துவிட்டது என்றாளா, வாந்தி எந்த நிறம்