புழுவுக்குக் கந்தரப்பம் கொடுத்த அப்பத்தா

சனிக்கிழமைப் பக்கத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சினன் போன மாதம் வந்தபோது மகளுக்கு 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' என்று ஒரு அட்டைப் புத்தகம் வாங்கி வந்திருந்தான். அகோரப் பசியோடு ஒரு பச்சைப் புழு. திங்கள் முதல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பழத்தைத் தின்றுகொண்டே போகும். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, படத்தைப் பார்த்துத்தான் கதை சொன்னார். ஆப்பிள் சரி. பேரிக்காய் சரி. பிளம்ஸ் படத்தை நாவப்பழம் என்றார், கலர் அப்படித்தான் இருந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆரஞ்சு வரை ஓடிவிட்டது.

சனிக்கிழமை அந்தப் புழு பத்துப் பலகாரம் தின்கிறது. ஊறுகாய் போட்ட வெள்ளரியை அம்மா வெள்ளரிப்பிஞ்சு என்று சமாளித்தார். சீஸ் துண்டில் இருந்த ஓட்டைகளைப் பார்த்து, "இதுல முன்னாடியே ஓட்டை இருக்கே, இன்னொரு புழு வந்துட்டுப் போயிருச்சா?" என்றார். சாசேஜ் வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதையெல்லாம் பிள்ளைக்கு என்னன்னு சொல்றது? நான் சொல்றேன் பாரு" என்று அவரே ஒரு பட்டியல் போட்டார். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கருப்பட்டிப் பணியாரம், மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை, உக்காரை, கும்மாயம், கடைசியில் ஒரு கிண்ணம் கவுனி அரிசி. எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பத்து. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் புழு காரைக்குடிப் புழு.

ராத்திரி புழுவுக்கு வயிற்றுவலி. அம்மா உடனே ஓமத்தண்ணி கொடுத்தார். நாலு வயது நிரம்பாத மகள் விடவில்லை. "இல்ல அப்பத்தா, இலை. பச்சை இலை." சரி, கருவேப்பிலை என்று முடிவானது.

எனக்குக் காரைக்குடியில் சின்னதாக ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், இவ்வளவுதான். அதனால் கதையை விட அதன் பக்கங்களைத்தான் நான் பார்த்தேன். பழம் வரும் பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். ஒரு பழத்துக்குக் குட்டிப் பக்கம், ஐந்து பழத்துக்கு நீளப் பக்கம். பழத்துக்குப் பழம் வட்டமாக ஓட்டை. அந்த ஓட்டையில் மகள் விரலை விடுகிறாள், விரல் அந்தப் பக்கம் புழுவாக வெளியே வருகிறது. டை கட்டிங், அதாவது வடிவம் செய்த கத்தியால் அட்டையை வெட்டுவது, என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்தவன் நான். போன வருஷம் ஒரு பத்திரிகையில் வட்டமாக ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் பிள்ளையார் தெரியும்படி செய்து தருவதாக வாய் கொடுத்துவிட்டேன். டை 2 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. 400 அட்டைகளில் பிள்ளையாருக்கு ஒரு காது இல்லை. மொத்தத்தையும் என் காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான், டை பொருத்தியதைச் சரிபார்க்காமல் மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன்.

அப்படிப்பட்டவன் கையில் இந்தப் புத்தகம் வந்தால் தூக்கம் வருமா? உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

எழுதியவரும் படம் போட்டவரும் ஒருவரே, எரிக் கார்ல். ஒருநாள் பஞ்சிங் மெஷினால் ஒரு காகிதக் கட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவர் அந்த ஓட்டையைப் பார்த்தாராம், புத்தகம் அரிக்கும் பூச்சி ஞாபகம் வந்ததாம். முதலில் எழுதியது வில்லி என்ற புழுவின் கதை. ஆன் பெனடூஸ் என்ற பதிப்பாசிரியருக்கு அந்தப் புழு பிடிக்கவில்லை, கம்பளிப்பூச்சியாக வைத்தால் என்ன என்று கேட்டார். "பட்டாம்பூச்சி!" என்று இவர் கத்தினார், கதை முடிந்தது. ஆனால் ஓட்டை போட்டு, பக்கத்தை ஏற்ற இறக்கமாக வெட்டிக் கட்டுப்படியாகிற விலைக்கு அடித்துத் தர அமெரிக்காவில் ஆள் இல்லை. பெனடூஸ் ஜப்பானில் ஓர் அச்சகத்தைப் பிடித்தார். 1969இல் புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் 224 வார்த்தை, என் கல்யாணப் பத்திரிகைகளில்கூட அதைவிட அதிகம் இருக்கும், சொந்தக்காரர் பெயர்களே பாதிப் பக்கம் பிடிக்கும். 60க்கு மேற்பட்ட மொழிகள், 5 கோடிப் பிரதிகளுக்கு மேல். எனக்கு அந்தக் கோடியை விட ஜப்பானில் அந்த முதல் டையைப் பூட்டியவர் மீதுதான் பொறாமை.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்குடியிலிருந்து அப்பா வந்தார். நாற்பது வருஷம் தரைக்குப் பதிக்கும் பூக்கல் ஊற்றிய கை, இப்போது பட்டறைக்குப் போவதில்லை, ஆனாலும் ஊரை விட்டு வரமாட்டார். அம்மாதான் பேத்திக்காக இங்கே. பேத்தி புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். அப்பா கதை கேட்கவில்லை. புழுவின் முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது எழுதினதா, ஒட்டினதா?" என்றார். நான் அசந்துவிட்டேன். அச்சடித்த தாள் மழமழவென்றுதான் இருக்கும், விரலுக்கு ஒன்றும் தட்டாது. அவர் கண்ணுக்கு விளிம்பு தெரிந்திருக்கிறது.

ஒட்டினதுதான். கார்ல் வெள்ளை டிஷ்யூ தாள் எடுப்பார், அதில் கலர் பூசுவார். பிரஷ் மட்டும் இல்லை, விரல், ஸ்பாஞ்ச், கார்ப்பெட் துண்டு என்று கிடைத்ததால் எல்லாம் கோடு இழுப்பார். காய்ந்ததும் பச்சைக்கு ஒரு டிராயர், சிவப்புக்கு ஒரு டிராயர் என்று அடுக்கி வைப்பார். புழு வேண்டும் என்றால் பச்சை டிராயரைத் திறந்து, பொருந்துகிற தாளை எடுத்து, வெட்டி அட்டையில் ஒட்டுவார். புழுவின் உடம்பில் தெரிகிற அந்த வரிகள் எல்லாம் முன்னாடியே தாளில் இழுத்து வைத்தவை.

அப்பா தலையாட்டினார். "அப்ப அவருக்குப் போடுறப்பவே தெரியும். நமக்குத் தெரியாது."

அவர் சொன்னது இதுதான். ஆத்தங்குடிக் கல் தலைகீழாகப் பிறக்கிறது. கீழே கண்ணாடி. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சின்னக் கரண்டியால் கலர்க் கலவையை ஊற்ற வேண்டும், சிவப்பு மஞ்சளில் சிந்தக்கூடாது. அச்சைத் தூக்கியதும் காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்க விட்டு, அதற்கு மேல் கலவை பூசி மட்டம் பார்த்து, காயவிட்டு, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்க வேண்டும். அப்புறம் கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போதுதான் பூ முகம் காட்டும். கண்ணாடியின் பளபளப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கும். அதுவரைக்கும் ஊற்றினவன் பார்ப்பது பூவின் முதுகை. அப்பா அச்சு இல்லாமலே கரண்டியைச் சுழற்றி ஊற்றுவார், சின்ன வயதில் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். இரண்டு கல் ஒன்றுபோல இருக்காது. ஒரே பச்சையில் இரண்டு துண்டு வெட்டினாலும் கார்லின் புழுவில் ஒரு வளையம் போல இன்னொரு வளையம் இல்லை என்பதை அப்பாதான் காட்டினார்.

கார்லின் கதையையும் அப்பாவுக்குச் சொன்னேன். 1929இல் நியூயார்க் மாநிலத்தில் சிராகியூஸில் பிறந்தவர், ஜெர்மன் குடும்பம். அங்கே பாலர் பள்ளியில் பெரிய தாள், தடித்த பிரஷ், ஜன்னல் நிறைய வெயில். தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவார், அவர் கல்லைப் புரட்டி, மரப்பட்டையைத் தூக்கி, அடியில் நெளிகிற பூச்சியைக் காட்டுவார், பார்த்தபின் பத்திரமாக மூடியும் வைப்பார். ஆறு வயதில், அம்மாவுக்கு ஊர் ஏக்கம் தாங்காமல், 1935இல் குடும்பமே ஜெர்மனிக்குத் திரும்பியது. ஸ்டுட்கார்ட்டில் பள்ளிக்குப் போன புதிதிலேயே கையில் பிரம்படி. அப்புறம் யுத்தம். அப்பாவைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் ரஷ்யர்களிடம் கைதியானார். பையன் பதினைந்து வயதில் எல்லையில் பதுங்குகுழி வெட்டினான். ஊரெங்கும் குண்டுக்குப் பயந்து கட்டிடங்களுக்குச் சாம்பலும் பழுப்பும் பூசியிருந்தார்கள். அந்தக் கலர் போதும் என்றுதான் பின்னால் இவ்வளவு பளிச்சென்று போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நடுவில் ஓர் ஓவிய ஆசிரியர் வருகிறார், ஃபிரிட்ஸ் கிராவ்ஸ். நாஜிகள் தடை செய்திருந்த பிக்காசோ, மத்தீஸ், க்ளே படங்களை வீட்டுக்கு அழைத்து ரகசியமாகக் காட்டினார். வெளியே தெரிந்திருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும்? 2011இல், எண்பது வயதுக்கு மேல், கார்ல் நீலக் குதிரை பற்றி ஒரு புத்தகமே போட்டார். நீலக் குதிரை வரைந்த, அதே தடைப் பட்டியலில் இருந்த ஃபிரான்ஸ் மார்க் என்ற ஓவியருக்கு மரியாதையாக.

1947 கடைசியில் கார்லின் அப்பா திரும்பி வந்தார். எடை 85 பவுண்டு. அப்பாவுக்குப் பவுண்டு புரியாது என்று 38 கிலோ சொச்சம் என்றேன்.

"ஒரு மூட்டை சிமெண்டே அம்பது கிலோடா" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். 1952இல் 40 டாலரும் தன் படங்களும் எடுத்துக்கொண்டு நியூயார்க் திரும்பினார், பத்திரிகையில் வேலை, பிறகு விளம்பரக் கம்பெனி. ஒரு விளம்பரத்துக்காக அவர் ஒட்டிய சிவப்புச் சிங்கி இறாலைப் பார்த்துத்தான் பில் மார்ட்டின் என்ற எழுத்தாளர் தன் கதைக்குப் படம் கேட்டார், அது 1967இல் வந்தது. அப்போது கார்லுக்கு வயது 38. விளம்பரம் செய்துகொண்டே பிள்ளைகள் பக்கம் வந்தவர். எங்கள் பக்கத்து இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவும் அப்படித்தானே, பகலில் வங்கிக் கணக்கு, மற்ற நேரம் பாப்பா பாட்டு. அம்மாவுக்கு அவர் பாட்டு இப்போதும் மனப்பாடம். கார்ல் 2021 மே மாதம் 91 வயதில் இறந்தார். மனைவியோடு சேர்ந்து படப் புத்தக ஓவியங்களுக்கென்றே அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்டில் 2002இல் ஒரு மியூசியம் திறந்தார், போகவேண்டும் என்று ஆசை, இப்போதைக்குப் பாஸ்போர்ட்டே இல்லை.

அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பட்டு நூலால் கூடு பின்னுவது அந்துப்பூச்சி வகை, பட்டாம்பூச்சிக்கு அது வேறு, ஓடு மாதிரி, இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தை, இவர் மாற்றிப் போட்டுவிட்டார் என்கிறார்கள். தன் அப்பா "கூட்டை விட்டு வெளியே வா" என்று சொல்வார், அதனால் அந்த வார்த்தைதான் என்று அவர் நின்றுகொண்டார். நமக்கு எந்த வம்பும் இல்லை. இரண்டுமே கூடுதான்.

அந்தக் கூட்டை நேரிலேயே பார்க்கவும் நேர்ந்தது. கொல்லையில் கருவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்ததை மகள்தான் கண்டுபிடித்தாள். நாலைந்து நாளில் அது கொழுகொழுவென்று பச்சைப் புழு. ஈர்க்குச்சியால் தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். முருங்கையில் கம்பளிப்பூச்சியைக் கண்டாலே பந்தம் கொளுத்துகிற அம்மா, இதைத் தொடவில்லை. அது காம்பில் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு கூடாகிவிட்டது. அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு ரசத்துக்குக் கருவேப்பிலை மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கினோம். கொல்லையில் செடி செழிப்பாக நிற்க, பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால் வெறும் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. "புத்தகத்துல ரெண்டு வாரத்துக்கு மேலன்னு போட்டிருக்கே" என்று மகளுக்குக் கோபம், கார்ல் மேலா பூச்சி மேலா தெரியவில்லை.

அப்பா ஊருக்குக் கிளம்பும்போது அச்சகத்துக்கு வந்தார். மூலையில் அந்தக் காது போன பிள்ளையார் கட்டு இன்னும் கிடக்கிறது, எடைக்குப் போட மனசு வரவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஜன்னலில் விரலை விட்டுப் பார்த்தார். "ஓட்டை வட்டமாத்தான் விழுந்திருக்கு" என்றார். கட்டோடு பேத்திக்குக் கொடுத்துவிட்டார்.

ஓட்டைக்கு ஒரு புழு வீதம் மகள் வரைந்துகொண்டிருக்கிறாள். நேற்று வரை 31 முடிந்திருக்கிறது. ஒன்றின் வாயில் மட்டும் ஏதோ கோடு கோடாக இருந்தது. என்ன இது என்று கேட்டேன். மனகோலமாம்.