குளச்சல் உப்புக்காற்றும் அக்காவின் விலையில்லா மடிக்கணினியும்

2012இல் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி அது. அதை வைத்துத்தான் அவள் நர்சிங் படித்து முடித்தாள். குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது ஒரு பழைய சேலையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனாள். கடந்த மே மாதம் அம்மா அதைக் கீழே இறக்கினார். மகளிர் குழுவின் கணக்கு நோட்டு மூன்றாவது முறையாக மழையில் நனைந்திருந்தது. "மக்களே, இதில் கணக்கு எழுத முடியுமா என்று பார்" என்றார்.

இயக்கியதும் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. தாய்ப்பலகை (மதர்போர்டு) போயிருக்கும் என்று கடையில் சொன்னார்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று வீட்டுக்கே கொண்டுவந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, பூட்டு என்று உப்புக்காற்று எதையும் விடுவதில்லை. பேட்டரியைக் கழற்றி, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு அடிமூடியைத் திறந்தேன். தற்காலிக நினைவகமான ராம் அட்டையின் விளிம்பில் வரிசையாக இருக்கும் செம்பொன் நிறப் பட்டைகளில் பாதி, பித்தளைக் குத்துவிளக்கில் களிம்பு ஏறியதுபோல் பச்சை பூத்திருந்தன. பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கறுத்தது; பட்டைகள் பளிச்சென்றாயின. துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, 'டக்' என்று ஒலி வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். திரை வந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் 'செத்துப்போன' மடிக்கணினி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஐந்து ரூபாய் ரப்பர் போதும்.

திரையில் இரண்டு பெயர்கள் வந்தன: விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ். அந்த மடிக்கணினிகளில் இரண்டையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இலவச மென்பொருள். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். அக்கா அதைத் திறந்ததே இல்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. இனி அதில் இணையத்தைத் திறப்பது சரியல்ல. புதிய விண்டோஸை இந்த 2 ஜிபி ராம் தாங்காது.

லினக்ஸின் இன்னொரு வகையான மின்ட்டில், எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரையமைப்பு கொண்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். பழைய கணினிக்கு எடை குறைவு; கீழே பட்டை, மூலையில் பட்டியல் என்று அம்மாவுக்குக் குழப்பம் தராத அமைப்பு; 22ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. மின்ட் இப்போது 64 பிட் வகைச் செயலிகளுக்கு (செயலி கணினியின் மூளை) மட்டுமே வருகிறது, பழைய 32 பிட் வகைக்கு இல்லை. எங்கள் கணினியிலிருந்த விண்டோஸ் 32 பிட் என்று காட்டியதும் மனம் சோர்ந்தது. செயலியின் மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்தபோதுதான் செயலி 64 பிட் என்று தெரிந்தது. விண்டோஸ் சொல்வது விண்டோஸைப் பற்றி மட்டுமே. செயலியைப் பற்றித் தனியாகப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், வேலை முடிந்த பிறகு, கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பைத் தரவிறக்கினேன். மின்ட் தளத்தில் அந்தக் கோப்புக்கான சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். என் கோப்புக்கு வந்த எண் அதோடு ஒத்துப்போகவில்லை. இடையில் எங்கோ இணைப்பு அறுந்து கோப்பு குறைபட்டிருக்கிறது. இரண்டாவது முறை கடைசி எழுத்துவரை ஒத்துவந்தது. எட்சர் மென்பொருளால் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுதினேன். பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தவை எல்லாம் அழிந்துவிடும், கவனம்.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருந்தது. அக்காவின் கல்லூரிப் படங்களும் கல்யாணப் படங்களும் அந்த ஹார்டு டிஸ்கில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. மின்ட்டை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். இயக்கியவுடன் எஃப்12 விசையைத் தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, உள்ளே போனேன். பழைய டிஸ்க் திறந்தது. எல்லாப் படங்களையும் வெளி டிஸ்குக்கு நகலெடுக்கத் தொடங்கினேன். சில கோப்புகளில் வந்ததும் 'கிர்ர், கிர்ர்' என்று ஓசை கேட்டது. நகலெடுப்பது நிமிடக்கணக்கில் நின்று மறுபடி நகர்ந்தது. முடிந்த பிறகு 'டிஸ்க்ஸ்' நிரலில் அதன் உடல்நிலையைப் பார்த்தேன். பழுதாகி மாற்றிடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. இன்னும் சில மாதம் சேலைக்குள்ளேயே விட்டிருந்தால் கல்யாணப் படங்களை இழந்திருப்போம். நான்கு படங்கள் மட்டும் திறக்கவில்லை. மற்றவை தப்பின. அன்றிரவே அக்காவுக்குச் சொன்னேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை.

ஆகவே பழைய டிஸ்கில் நிறுவும் எண்ணத்தைக் கைவிட்டேன். சுழலும் பாகமில்லாத டிஸ்கான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், கழற்றி விற்ற 4 ஜிபி ராம் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்து ஐநூறுக்குள் அடங்கின. ராம் வாங்கப் போகும்போது பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோவது நல்லது. டிடிஆர் 3 என்ற ராம் வகையிலேயே மின்னழுத்தம் வேறுபடும் வகைகள் உண்டு. பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

நிறுவுவது எளிது. மொழி, விசைப்பலகை, நேர மண்டலம், பெயர், கடவுச்சொல் என்று கேட்கும். புது டிஸ்க் என்பதால் 'முழு டிஸ்கையும் அழித்து நிறுவு' என்று தயங்காமல் கொடுத்தேன். பழைய தரவு உள்ள டிஸ்கில் அந்த இடத்தில்தான் மூச்சை நிறுத்திப் படிக்க வேண்டும். பாதிக்கு மேல் ஓடியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஒரு தென்னை மட்டையைக் கம்பியில் கொண்டுவந்து போட்டது, தெருவே இருண்டது. மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ தீர்ந்துபோனது, திரையும் அணைந்தது. மறுபடி இயக்கியபோது எதுவும் எழவில்லை. அரைகுறையாக எழுதப்பட்ட டிஸ்கை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாமல் முதலிலிருந்தே தொடங்கினேன். இம்முறை பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் முடிந்தது.

இன்னொரு தொல்லை மீதமிருந்தது. மின்கம்பியைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் கறுப்புத் திரையில் 'தேதியும் நேரமும் பதிவாகவில்லை, ஒரு விசையை அழுத்தவும்' என்று நின்றது. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் நினைவைக் காக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. இணையம் கிடைத்தால் லினக்ஸ் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் அம்மாவின் கணக்குக்கு இணையம் தேவையில்லை. தவறான தேதியில் கணக்குக் கோப்பு சேமிக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடிகாரக் கடையில் சிஆர் 2032 ஒன்று வாங்கி மாற்றினேன். அத்துடன் அந்தத் திரை ஒழிந்தது.

வைஃபை வேலை செய்யவில்லை. அதன் சில்லு பிராட்காம் தயாரிப்பு. அதை வேலை செய்யவைக்கும் நிரலான இயக்கி (டிரைவர்) மின்ட்டோடு தானாக நிறுவப்படவில்லை. இணையம் இருந்தால் இயக்கியை இறக்கலாம், இயக்கி இருந்தால்தான் இணையம். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்பில் இணையப் பகிர்வை இயக்கியதும் முடிச்சு அவிழ்ந்தது. 'டிரைவர் மேனேஜர்' பிராட்காம் இயக்கியைத் தானே காட்டியது. நிறுவி, மறுபடி இயக்கியதும் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன.

அந்த வாரம் விடுமுறைக்காகக் கேரளத்துப் பூவாற்றிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். கணினி முன்னால் உட்கார்ந்தவள் யாரையும் கேட்காமல் பட்டியலைத் திறந்து, மென்பொருள் மேலாளரில் தேடி, கணிதம் கற்க உதவும் ஜியோஜீப்ராவை நிறுவினாள். "இது எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி மாதிரிதான் இருக்கிறது, அண்ணா" என்றாள். கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது. ஜிம்ப், லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா எல்லாம் அவளுக்குப் பாடப்புத்தகத்திலேயே வந்தவை. 2012இல் எங்கள் வீட்டுக்கு வந்த மடிக்கணினியிலும் லினக்ஸ் இருந்தது. ஒரு மணி நேரம் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அக்காவும் இப்படி உட்கார்ந்திருப்பாள்.

அம்மாவுக்குத் தமிழில் தட்டச்ச வேண்டும். உள்ளீட்டு முறை அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்து, பிற மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ் நிரலை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம் என்பதால் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல விசைப்பலகை இல்லை என்பது என் எண்ணம். விசைகளில் தமிழ் எழுத்துகளைச் சிறு தாளில் எழுதி ஒட்டினேன். அம்மா முதலில் அடித்தது 'அம்மா' என்ற சொல்லைத்தான்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ம-வை இரண்டாம் முறை தட்டியதும் முந்தைய ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்தது. "புள்ளியை யார் வைத்தது?" என்று கேட்டுவிட்டு, அழித்து மறுபடி அடித்துப் பார்த்தார்.

இப்போது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் சேமிப்பு, கடன், அசல், வட்டி, நிலுவை என்று ஐந்து கட்டங்கள். ஜூன் மாதக் கூட்டத்துக்கு முந்தைய இரவு அம்மா பழைய நோட்டையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறுப்பினர் ஒவ்வொருவராக ஒத்துப் பார்த்தார். ஒரு பெயரில் நாற்பது ரூபாய் வித்தியாசம் வந்தது. நோட்டில்தான் கூட்டல் தவறியிருந்தது. அந்தப் பெண்ணிடம் கூடுதலாக வாங்கிய நாற்பது ரூபாயை மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்தார்.

மூடியை மூடித் திறந்தால் சில நேரம் திரை எழுவதில்லை. அதற்கு வழி இன்னும் கிடைக்கவில்லை. அம்மா வேலை முடிந்ததும் முழுவதுமாக அணைத்துவிடுகிறார். பிறகு, சேலைக்குப் பதில் நான் வாங்கி வைத்த, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்.